சுத்தமான பட்டினி

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று சோதனைக் குப்பி காட்டினால் பூரித்துப்போகிறார்கள். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு அவை இரண்டும்தான் சோறு. சோறு நின்றால் பாசி குறையும், பவளம் வெளிறும். பழுப்புச் சளியாக டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் மணலைப் போர்த்தவும் கூடும். கடலிலும் அளவு குறைவுதானே என்பார்கள். வாஸ்தவம், ஆனால் அங்கே அலை ஓயாமல் மிதவையுயிர்களைக் கொண்டுவந்து ஊட்டுகிறது, தொட்டியில் ஊட்ட யார் இருக்கிறார்கள்? நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடினால் பச்சைப்பாசி மண்டும் என்ற பயம் நியாயமே. அதற்காக லிட்டருக்கு 5 மில்லிகிராம் நைட்ரேட்டையும் 0.05 மில்லிகிராம் பாஸ்பேட்டையும் கண்டு அவற்றை நீக்கும் மருந்தைக் கொட்டுவது வீண் பதற்றம். இப்படிப் பட்டினி போட்ட தொட்டியில் காரத்தன்மையை ஒரே நாளில் டிகேஎச் என்ற அதன் அலகில் 7இலிருந்து 10க்குத் தூக்கினால், கிளைப்பவளத்தின் நுனி வெந்ததுபோல் வெளுத்து, தோல் உரிந்து, எலும்பு தெரியும்.