சொன்னால்தான் கருவி பார்க்கும்

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். மருந்து சாப்பிட்டால் குறைகிறது. சில வாரங்களில் மீண்டும் எரிச்சல். மீண்டும் அதே மருந்து. சில பெண்களுக்கு இந்தத் தொல்லை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. பெரும்பாலும் சாதாரணக் கிருமித்தொற்றுதான் காரணம். ஆனால், சிலருக்குக் காரணம் வேறு. சிறுநீர் வெளியேறும் குழாயை ஒட்டி உருவாகியிருக்கும் ஒரு சிறு பைதான் அது.

பெண்களுக்கு இந்தக் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அதைச் சுற்றி நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஒன்று அடைபட்டு, சீழ்பிடித்து, குழாய்க்குள் உடையும்போது அந்த இடம் பையாகிறது என்பதே மருத்துவர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம். பையில் சிறுநீர் தேங்கும்; அதில் கிருமிகள் வளரும். மருந்து கிருமியைக் கொல்லலாம். ஆனால் பை அங்கேயே இருக்கும்.

1956இல் அமெரிக்காவில் டேவிஸ், சியான் என்ற இருவர் ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். பலூன்களைக் கொண்டு குழாயின் இரு முனைகளையும் அடைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை அழுத்தத்துடன் செலுத்தினர். பை இருந்தால் திரவம் அதற்குள்ளும் புகுந்து படத்தில் தெரியும். 1958இல் 121 நோயாளிகளைப் பற்றிய அறிக்கையே வந்துவிட்டது. நோய் திடீரெனப் பெருகிவிடவில்லை. தேடும் வழி கிடைத்ததும் நோயாளிகள் கண்ணில் பட்டனர்.

அந்த முறையிலும் குறை இருந்தது. பையின் வாய் அடைபட்டிருந்தால் திரவம் உள்ளே போகாது. எம்.ஆர்.ஐ. இந்தச் சிக்கலைத் தீர்த்தது. வலிமையான காந்தப்புலத்தில், வானொலி அலைகளைக் கொண்டு, உடலின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களிடமிருந்து அது சமிக்ஞை பெறுகிறது. அதன் ஒருவகைப் படத்தில் நீர் வெண்மையாகத் தெரியும். பையின் வாய் மூடியிருந்தாலும் உள்ளே தேங்கிய நீர் காட்டிக்கொடுத்துவிடும். பை குதிரை லாடம்போல் குழாயை வளைத்திருந்தால் அந்த வடிவமும் தெரியும். அறுவை சிகிச்சைக்கு இது பேருதவி. எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை.

அப்படியானால், எரிச்சல் என்று வரும் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? தேவையில்லை என்பதே என் கருத்து. அதற்குச் செலவு அதிகம். இந்த நோயோ அரியது. யாருக்கு எடுப்பது என்பதை நோயாளி சொல்லும் அறிகுறிகளே தீர்மானிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் தொற்று, சிறுநீர் கழித்து எழுந்த பிறகும் சொட்டுவது, தாம்பத்திய உறவின்போது வலி ஆகியவை முக்கியத் தடயங்கள். இவற்றைச் சொல்லத்தான் பலருக்கும் நாக்கு கூசுகிறது. "எரிச்சல்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மருத்துவரும் மேற்கொண்டு கேட்காவிட்டால், பக்கத்து அறையிலேயே எம்.ஆர்.ஐ. கருவி இருந்தும் பயனில்லை.

மாணவர்களே, சிறுநீர் மண்டலத்தின் படத்தை வரைந்து, உறுப்புகளின் பெயர்களை எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அதே பெயர்களை வீட்டிலும் மருந்தகத்திலும் கூச்சமின்றிச் சொல்லப் பழகுவோம். அம்மாவோ அக்காவோ ஒரே தொல்லைக்காக மூன்றாவது முறை மருந்து வாங்கி வந்தால், "இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று டாக்டரிடம் கேட்டீர்களா?" என்று விசாரியுங்கள்.