சேர்க்கைக் கையெழுத்து சிகிச்சைக்குச் செல்லாது

மனநல வார்டில் ஒருவரைச் சேர்க்கும்போது உடன் வந்தவரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம். பிறகு ஊசி, மாத்திரை, மருந்து மாற்றம், ஈ.சி.டி. என எதற்கும் அந்த ஒரே கையெழுத்தைக் காட்டும் பழக்கம் நம்மிடம் இன்னும் ஒழியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. நோயாளி தாமாகச் சேர முன்வராதபோதும் அவரை 30 நாள் வரை வைத்திருக்கப் பிரிவு 89 வழிசெய்கிறது. ஆனால் அவருக்குச் சிகிச்சை தர அவருடைய சம்மதம் வேண்டும் என்பதும் அதே பிரிவுதான்.

முடிவெடுக்க ஏறத்தாழ நூறு சதவீத ஆதரவு தேவைப்படுகிறவருக்கு மட்டும் நியமனப் பிரதிநிதி தற்காலிகமாகச் சம்மதம் தரலாம். அதையும் பதிவுசெய்து, ஏழு நாளுக்கு ஒருமுறை நோயாளியின் திறனை மறுபடி பார்க்க வேண்டும். இந்த ஏழாம் நாள் குறிப்பைத்தான் கேஸ் ஷீட்டுகளில் தேட வேண்டியிருக்கிறது. கிடைத்தாலும் பெரும்பாலும் ‘முன்போலவே’ என்ற ஒற்றைச் சொல்தான்.

நமக்கெல்லாம் பழகிய ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். மேனியாவோடு சேர்க்கப்பட்ட இளம்பெண் பத்தாம் நாள் ஓரளவு தெளிந்திருக்கிறார். வால்ப்ரோயேட் மாத்திரையைத் தள்ளிவைத்து, “இது போட்டா குழந்தைக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?” என்கிறார். மருந்தியல் படித்த எவரும் கேட்க வேண்டிய கேள்வி அது. குறிப்பிலோ ‘மருந்து மறுக்கிறார், இன்சைட் இல்லை’ என்று ஏறுகிறது; கணவர் கையெழுத்திடுகிறார். தகவலைப் புரிந்துகொள்ளுதல், விளைவை உணர்தல், முடிவைத் தெரிவித்தல் என்று பிரிவு 4 சொல்லும் மூன்றிலும் அவர் தேறுகிறார். (இம்மூன்றையும் சட்டம் ‘அல்லது’ போட்டுக் கோத்திருப்பதைக் குறைசொல்வோர் உண்டு. எப்படிப் படித்தாலும் இவர் தேறுவார்.) நம் கண்ணுக்குத் தவறாகப் படும் முடிவை எடுத்தார் என்பதாலேயே ஒருவருக்குத் திறன் இல்லை என்றாகிவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அவரிடம் மாற்று மருந்துகளைப் பேசியிருக்க வேண்டும். கணவரிடம் போனது சட்டப்படி செல்லாது, மருத்துவமாகவும் மோசம்.

நடு இரவில் கட்டுக்கடங்காமல் வருகிறவரை என்ன செய்வது என்று கேட்பார்கள். உயிருக்கோ பிறருக்கோ கடும் ஆபத்து இருந்தால் பிரிவு 94 உண்டு. அதன் ஆயுள் பொதுவாக 72 மணி நேரம், அதில் ஈ.சி.டி.க்கு அனுமதி கிடையாது. அவசரம் தணிந்த மூன்றாம் வாரத்திலும் அந்த இரவையே காரணம் காட்ட முடியாது.

ஆள் பற்றாக்குறையை மறுக்கவில்லை. ஆனால் திறன் மதிப்பீட்டுக்குக் கேஸ் ஷீட்டில் தனித்தாள் ஒன்று சேர்க்கப் பெரிய செலவில்லை. என்ன விளக்கினோம், எந்த மாற்றுகளைச் சொன்னோம், நோயாளி என்ன பதில் சொன்னார் என்பதை அவர் வாய்மொழியிலேயே அதில் எழுதலாம். ரவுண்ட்ஸில் பேராசிரியர் அந்தத் தாளையும் கேட்டு வாங்கிப் பார்த்தால் பி.ஜி. மாணவர்கள் மறுவாரமே எழுதத் தொடங்கிவிடுவார்கள்.