தாடை எலும்பை மீட்கும் சிகிச்சை: தீவு மக்களுக்கு எட்டுமா?

ஸ்ரீ விஜயபுரம்: இழந்த பல்லுக்குப் பதிலாக டைட்டானியம் திருகைத் தாடையில் பதித்து, அதன் மீது செயற்கைப் பல்லைப் பொருத்தும் 'இம்பிளான்ட்' சிகிச்சை நாடெங்கும் பரவி வருகிறது. ஆனால், திருகைத் தாங்கப் போதிய எலும்பு இருந்தால்தான் அது நிலைக்கும். தெற்கு அந்தமானின் சௌல்தாரி போன்ற கிராமங்களில் வசிப்போருக்கு இதுவே முதல் தடையாகக்கூடும்.

பல் அகற்றப்பட்டதும் அதைத் தாங்கிய எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் 6 மாதங்களில் அதன் அகலம் 29 முதல் 63 சதவீதமும், உயரம் 11 முதல் 22 சதவீதமும் குறைவதாக 2012-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு தெரிவிக்கிறது. பணம் சேரட்டும், விடுமுறை கிடைக்கட்டும் எனத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் எலும்பு இழப்பைக் கூட்டுகிறது.

மீட்கும் வழிகள்

டைட்டானியம் எலும்புடன் இணைவதை சுவீடன் ஆய்வாளர் பிரோனிமார்க் 1950-களில் கண்டறிந்தார். 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதே ஆண்டில், எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் பொருள் எலும்பிலேயே இருப்பதை அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் விளக்கினார். அவ்வழியில் உருவான புரதம் ஒன்றைத் தாடை சிகிச்சையில் பயன்படுத்த அமெரிக்கா 2007-இல் அனுமதித்தது. எனினும், அதன் விலை அதிகம்.

நோயாளியின் முகவாய் அல்லது இடுப்பிலிருந்து எடுத்த எலும்பு, மாட்டெலும்பிலிருந்து தயாரித்த துகள்கள், ஹைட்ராக்ஸிஅபடைட் போன்ற செயற்கைப் பொருள்கள் ஆகியவையே பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றின் மீது மெல்லிய சவ்வை விரித்து, ஈறுத் திசு உள்ளே புகாமல் தடுத்தால், மெதுவாக வளரும் எலும்புக்கு இடமும் நேரமும் கிடைக்கும். துகள்கள் எதிலிருந்து தயாரிக்கப்பட்டவை என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்வது மருத்துவரின் கடமை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உள்நாட்டிலேயே உயிரிப் பீங்கான் எலும்பு நிரப்பிகளை உருவாக்கியிருப்பது, இறக்குமதிச் சார்பைக் குறைக்கும் வாய்ப்பாகும்.

தூரமும் காலமும்

நிரப்பிய எலும்பு கெட்டிப்பட 4 முதல் 9 மாதங்களும், பதித்த திருகு இணைய மேலும் 3 முதல் 6 மாதங்களும் தேவைப்படலாம். இதற்காகச் சென்னை செல்ல வேண்டியிருந்தால், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். சிகிச்சைச் செலவுடன் பலமுறைப் பயணச் செலவும், இழக்கும் கூலியும் சேர்கின்றன.

புகையிலைப் பழக்கம் மற்றொரு தடை. அந்தமான் நிகோபாரில் 15 வயதைக் கடந்த ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் புகையிலை பயன்படுத்துவதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. புகைப்பிடித்தலும் கட்டுக்குள் இல்லாத நீரிழிவும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தி, சிகிச்சை தோல்வியடையும் அபாயத்தை உயர்த்துகின்றன.

எங்கே தொடங்குவது?

இழந்த எலும்பை மீட்பதைவிட, இருப்பதைக் காப்பது எளிது. பல்லை அகற்றும்போதே குழியில் நிரப்பியை இட்டு மூடினால் எலும்புச் சுருக்கம் குறையும், முற்றிலும் நின்றுவிடாது. இதற்குப் பெரிய அறுவை அரங்கு தேவையில்லை. பயிற்சி பெற்ற பல் மருத்துவர், நிரப்பி, சவ்வு ஆகியவை போதும். மாவட்ட அளவில் இவ்வசதி கிடைத்தால், பின்னாளில் நேரும் கடல்கடந்த பயணங்கள் பலருக்குக் குறையும்.

உலகில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினர் பற்களை முழுமையாக இழந்தவர்கள் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்கள் எல்லோருக்கும் இம்பிளான்ட் சாத்தியமில்லை. பலருக்குக் கழற்றி மாட்டும் பல்செட்டே போதுமானது. ஆனால், எந்தச் சிகிச்சை என்பதை நோயாளியின் உடல்நிலையும் விருப்பமும் தீர்மானிக்க வேண்டும். அவர் வசிக்கும் தீவு தீர்மானிக்கக் கூடாது.