வகுப்பின் முழுப் புள்ளி அட்டவணையும் யாருடைய திரையில் திறக்க வேண்டும்?

பெற்றோர்கள், பழைய மாணவர்கள், குறிப்பாகக் கணினி படித்த ஊர்த் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். பதிவு நீளம்தான்.

பாடசாலைப் புள்ளிகளை இணையத்தில் ஏற்றும் வேலை இப்போது பல ஊர்களில் நடக்கிறது. பழைய மாணவர் ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் ஒரு செயலி செய்து தருகிறார். உலாவியில் திறந்தால் போதும், போனில் எதையும் இறக்கத் தேவையில்லை. அது ஓடத் தொடங்கியதும் அடுத்த கோரிக்கை வருகிறது: "முழு வகுப்பையும் ஒரே அட்டவணையில் பார்க்க வசதி செய்து தாங்க." அந்த வசதி வேண்டும் என்றுதான் ஆசிரியர்களான நாங்களும் சொல்கிறோம். ஆனால் அது யாருக்குத் திறக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு.

பயனை முதலில் சொல்கிறோம். சாதாரண தர வகுப்பில் 40 பிள்ளைகள், ஆளுக்கு 9 பாடங்கள் என்றால் ஒரு தவணைக்கு 360 புள்ளிகள். மூன்று தவணைக்கு 1080. இதைப் பதிவேட்டில் விரல் வைத்துத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். டேட்டாடேபிள்ஸ் போன்ற இலவசக் கருவி ஒன்றைப் பக்கத்தில் இணைத்தால், சாதாரண அட்டவணைக்கு மேலே தேடல் பெட்டி வரும், தலைப்பைத் தொட்டால் வரிசை மாறும், பத்துப் பத்தாகப் பக்கம் பிரியும். கணிதத்தில் 35க்குக் கீழே நிற்பவர்கள் யார், முதலாம் தவணையிலிருந்து யார் சறுக்கி வருகிறார்கள் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பின்தங்கும் பிள்ளையை நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான் அட்டவணையின் உண்மையான வேலை.

செய்யும் தம்பிமாருக்கு மூன்று விடயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு நாங்கள் புள்ளிக் கட்டத்தில் 'ஏபி' என்று எழுதுவோம். அந்த ஒரு சொல் இருந்தாலே முழு நிரலையும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, 100ஐ 35க்கு முன்னால் வைக்கும் கருவிகள் உண்டு. வருகையைத் தனி நிரலில் வையுங்கள், புள்ளி நிரலில் எண் மட்டும் இருக்கட்டும்.

இரண்டு, நம் பெயர்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண வரிசைப்படுத்தல் யூனிகோட் எண்ணைப் பார்க்கும். அதில் ஃ என்ற எழுத்து அகரத்துக்கும் முன்னால் இருப்பதால், 'ஃபாத்திமா' 'அஸ்மா'வைத் தாண்டி உச்சியில் நிற்பார். உலாவிக்குள்ளேயே இருக்கும் இன்டல் கொலேட்டர் வசதிக்குத் தமிழ் என்று மொழியைக் குறிப்பிட்டால் அகராதி வரிசை கிடைக்கும். முதலெழுத்துகளைப் பெயரோடு சேர்க்காமல் தனி நிரலில் போடுங்கள். இல்லாவிட்டால் பாதி வகுப்பு 'எம்'மிலேயே நிற்கும். முஹம்மது, முகம்மது, மொஹமட் என்று ஒரே பெயரைப் பல விதமாக எழுதுகிறோம். அதனால் தேடலுக்குச் சேர்விலக்கத்தையே நம்புங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு நிரலைத் திரையில் மறைப்பது வேறு, அனுப்பாமலே விடுவது வேறு. பெற்றோரின் தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், உதவி பெறும் குடும்பமா என்ற குறிப்பு எல்லாவற்றையும் உலாவிக்கு அனுப்பிவிட்டு அட்டவணையில் மட்டும் மறைத்தால், பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் அவற்றை வாசிக்கலாம். யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சேவையகம்தான் தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் கருத்தும் இதிலிருந்துதான் வருகிறது. முழு வகுப்பு அட்டவணை வகுப்பாசிரியருக்கும் பாட ஆசிரியருக்கும் அதிபருக்கும் மட்டும் திறக்கட்டும். பெற்றோருக்குத் தன் பிள்ளையின் வரி மட்டும் போகட்டும்.

"முன்பெல்லாம் அறிவித்தல் பலகையில் ஒட்டினீர்கள்தானே, இப்போது மட்டும் என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பலகையில் ஒட்டிய தாளைப் பாடசாலைக்கு வந்தவர்கள் மட்டுமே பார்த்தார்கள். சில நாளில் மழையும் வெயிலும் அதைத் தின்றுவிட்டன. திரையில் தெரிவதைப் படம் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், கட்டாரில் இருக்கும் மாமாவுக்கும் போகும். பத்து வருடம் கழித்துத் திருமணப் பேச்சின்போதும் வெளியே வரும். கடைசி வரியில் இருக்கும் பிள்ளை அதை எப்படிச் சுமக்கும்?

"போட்டி இருந்தால்தான் படிப்பார்கள்" என்பது இன்னொரு வாதம். முதல் ஐந்து இடத்துக்குள் நிற்பவர்களுக்கு அது பொருந்தலாம். முப்பத்தெட்டாவது இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் எங்கே தடக்குகிறது என்ற செய்திதான் தேவை. ஊருக்குத் தெரிந்துவிட்டது என்ற வெட்கம் அந்தப் பிள்ளையைப் படிக்க வைக்காது, பாடசாலைக்கு வராமல் இருக்கத்தான் வைக்கும்.

பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். சுட்டிலக்கத்தை இட்டால் அந்த ஒருவரின் பெறுபேறு மட்டும்தான் வருகிறது. நாடு முழுவதற்கும் அது போதுமென்றால் ஒரு ஊருக்குப் போதாதா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறுவர் தொடர்பான தரவுகளை விசேட வகையில் வைத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பிள்ளையின் புள்ளி எங்களிடம் தரப்பட்ட அமானிதம்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடம் கேட்பது இதுதான். செயலிக்குப் பணம் திரட்டும் கூட்டத்திலேயே, யார் யார் எந்த நிரலைப் பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். அதைச் செய்யும் தம்பியிடம் கொடுத்த பிறகு அட்டவணையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் இதை எழுந்து கேளுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம். பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.