டிசி, டொனேஷன், டிடென்ஷன், பெர்சன்டைல்... பெற்றோரைத் திணறடிக்கும் சொற்கள்: சட்டம் சொல்வது என்ன?

மே மாதம் பிறந்தாலே பள்ளி அலுவலகங்களின் முன்னால் பெற்றோர் கூட்டம் கூடிவிடும். கையில் விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பதில்கள்தான் பலருக்கும் புரிவதில்லை. "டியூஸ் கிளியர் பண்ணினாதான் டிசி", "இது டொனேஷன் இல்லைங்க, டெவலப்மென்ட் ஃபண்ட்", "பையனோட சின்னதா ஒரு இன்டராக்‌ஷன், அவ்வளவுதான்". பலர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். 'நமக்கு இங்கிலீஷ் தெரியாததுதான் பிரச்சினை' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அகராதியில் இந்தச் சொற்களுக்கு ஒரு பொருள், பள்ளி அலுவலகத்தில் இன்னொரு பொருள், சட்டத்தில் வேறொரு பொருள். பிள்ளையின் படிப்பையும் வீட்டின் பணத்தையும் தீர்மானிப்பது மூன்றாவது பொருள்தான். 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பள்ளி வாசலில் அடிக்கடி காதில் விழும் சில சொற்களுக்கு அதிலேயே விடை இருக்கிறது.

ஃபீஸ் பாக்கி இருந்தா டிசி தர மாட்டாங்களா?

டிசி என்பது டிரான்ஸ்ஃபர் சர்டிஃபிகேட், அதாவது மாற்றுச் சான்றிதழ். பாக்கியை வசூலிக்கும் பிடிமானமாகவே பல இடங்களில் இது பயன்படுத்தப்படுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்வது வேறு. ஒரு குழந்தை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாற விரும்பினால், பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமானால்கூட, அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. தாமதப்படுத்தும் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கியது. மாற்றுச் சான்றிதழ் என்பது குழந்தைக்குரிய ஆவணம், கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல; கட்டண பாக்கி பற்றிய குறிப்பை அதில் எழுதவும் கூடாது என்று கூறியது. பாக்கி இல்லாமல் போய்விடாது. அதை வசூலிக்கப் பள்ளிக்குச் சட்டப்படி வேறு வழிகள் உண்டு. குழந்தையின் சான்றிதழை நிறுத்திவைப்பது அந்த வழிகளில் ஒன்றல்ல.

டொனேஷன் இல்லை, டெவலப்மென்ட் ஃபண்ட் என்றால்?

சட்டம் பயன்படுத்தும் சொல் 'கேபிடேஷன் ஃபீ'. பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு மேல் வாங்கப்படும் எந்த வகை நன்கொடையும், பங்களிப்பும், தொகையும் அதில் அடங்கும். ஆகவே, அந்தப் பணத்துக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பது முக்கியமில்லை. அறிவித்த கட்டணத்துக்குள் வருகிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. சட்டத்தை மீறி வசூலித்தால், வாங்கிய தொகையைப்போல 10 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

தமிழ்நாட்டில் நன்கொடை வசூலைத் தடுக்க 1992-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கும் குழு, 2009-ல் மாநிலம் இயற்றிய கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உருவானது. அதனால் பெற்றோர் கேட்க வேண்டியது, "குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு? இந்தத் தொகைக்கு ரசீது தருவீங்களா?" என்ற இரண்டு கேள்விகளைத்தான்.

இன்டராக்‌ஷன்னா பரீட்சையா?

'என்ட்ரன்ஸ்' என்று சொன்னால் கேள்வி வரும் என்பதால், சில இடங்களில் 'இன்டராக்‌ஷன்' என்ற மென்மையான சொல் வந்திருக்கிறது. சட்டத்தில் இதற்குப் பெயர் 'ஸ்க்ரீனிங்'. குலுக்கல் போன்ற முறையில் அல்லாமல், ஒரு குழந்தையை விட்டு இன்னொரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையும் ஸ்க்ரீனிங்தான். முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இந்தத் தடை குழந்தைக்கு மட்டுமானதல்ல, பெற்றோருக்கும் பொருந்தும். "அப்பா என்ன படிச்சிருக்கார்? அம்மா இங்கிலீஷ் பேசுவாங்களா?" என்று விசாரித்து, அதை வைத்து இடம் தருவதும் மறுப்பதும் சட்டப்படி தவறு. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் தலைமுறைக் குழந்தைக்கு இந்த ஒரு வரி பெரிய பாதுகாப்பு.

நோ டிடென்ஷன் போயிடுச்சா?

பிரிட்டனில் 'டிடென்ஷன்' என்றால், தவறு செய்த மாணவரைப் பள்ளி முடிந்த பிறகு சிறிது நேரம் உட்காரவைப்பது. நம் நாட்டில் அதே சொல், அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரவைப்பதைக் குறிக்கிறது. 8-ம் வகுப்பு வரை யாரையும் அப்படி நிறுத்தக் கூடாது என்பதே தொடக்கத்தில் சட்டத்தில் இருந்த ஏற்பாடு. பேச்சுவழக்கில் 'ஆல் பாஸ்'.

2019-ல் வந்த திருத்தம், 5, 8-ம் வகுப்புகளில் மாணவர்களை நிறுத்திவைப்பதா, வேண்டாமா என்ற முடிவை அரசுகளிடம் விட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளை மாற்றி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற தனது பள்ளிகளில் 'ஆல் பாஸ்' முறையை விலக்கிக்கொண்டது. அப்போது தமிழ்நாடு அரசு, மாநிலத்தில் பழைய முறையே தொடரும் என்று அறிவித்தது.

புதிய விதியிலும் ஒரே தேர்வோடு கதை முடிவதில்லை. தேறாத மாணவருக்குக் கூடுதல் பயிற்சி தந்து, முடிவு வெளியான இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தேறாவிட்டால்தான் அதே வகுப்பு. எப்படியிருந்தாலும், 8-ம் வகுப்பை முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. "ரிசல்ட் சரியில்லை, டிசி வாங்கிட்டுப் போங்க" என்று சொல்ல இந்த விதி இடம் தரவில்லை.

50 பெர்சன்டைல்னா 50 மார்க்கா?

பள்ளிப் படிப்பு முடியும்போது எதிர்ப்படும் சொல் இது. பர்சன்டேஜ் என்பது 100-க்கு எத்தனை மதிப்பெண் என்ற சதவீதக் கணக்கு. பெர்சன்டைல் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேருக்கு மேல் ஒருவர் நிற்கிறார் என்ற கணக்கு. இரண்டும் ஒன்றல்ல.

இளநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் பொதுப்பிரிவுக்கான தகுதி 50-வது பெர்சன்டைல். 720 மதிப்பெண்ணில் பாதி 360. ஆனால், 2022-ல் அந்தத் தகுதி மதிப்பெண் 117, அதாவது சுமார் 16 சதவீதம். 2023-ல் 137. மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வோர் ஆண்டும் இது மாறும். முதுநிலை நீட் தேர்வில் 2023-ல் தகுதி பூஜ்ஜியம் பெர்சன்டைலாகக் குறைக்கப்பட்டபோது, மைனஸ் மதிப்பெண் பெற்றவர்களும் கலந்தாய்வுக்குத் தகுதி பெற்றார்கள்.

ஆகவே, "உங்க பொண்ணு குவாலிஃபைடு" என்று யாராவது சொன்னால், அது கலந்தாய்வில் நிற்கலாம் என்பதற்கான அனுமதி மட்டுமே. சீட் கிடைத்ததாகப் பொருள் இல்லை. அந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாத குடும்பங்களிடம்தான் "நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கித் தர்றேன்" என்று ஏஜென்ட்டுகள் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

என்ன செய்யலாம்?

சொல் புரியாவிட்டால் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கேட்கலாம். எழுதித் தரத் தயங்குகிறார்கள் என்றால், அந்தத் தயக்கமே பாதி விடை. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கி வைப்பது அவசியம். மாற்றுச் சான்றிதழ் மறுக்கப்பட்டாலோ கூடுதல் தொகை கேட்கப்பட்டாலோ, தேதியிட்ட மனுவை மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மனுவை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தமிழிலேயே எழுதலாம்.