குறைந்த பொருள், நிறைந்த ஆட்டம்



கணினி விளையாட்டை உருவாக்கப் பெரும்பொருளும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பது என் கருத்து. விளையாட்டுகளின் வரலாறே அதற்குச் சான்றாகும்.

1978இல் ஜப்பானியர் தொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை உருவாக்கினார். அக்காலக் கணினியின் வேகம் குறைவு. ஆதலால் திரையில் பகைவர் நிறைந்திருந்தபோது மெல்ல நகர்ந்தனர். எண்ணிக்கை குறையக் குறைய விரைந்தனர். அவர் அதனை மாற்றாது விட்டார். ஆட்டத்திற்கு விறுவிறுப்பு வாய்த்தது. 1981இல் ஷிகெரு மியாமோட்டோ மரியோவை வரைந்தபோது, சில புள்ளிகளைக் கொண்டு வாயையும் தலைமயிரையும் தெளிவாகக் காட்ட இயலவில்லை. மீசையும் தொப்பியும் அணிவித்தார். இன்று அவையே மரியோவின் அடையாளங்கள். 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதில் மேகமும் புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டுமே வேறு.

நம் மொழியோடு தொடர்புடைய சான்றும் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு உருவாக்கிய 'வெண்பா' 2023இல் வெளிவந்தது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அதில் போர் இல்லை, பந்தயம் இல்லை, ஒரு சமையலறையே களம். தாயிடமிருந்து பெற்ற சமையற்குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிற்று. விடுபட்ட முறையை ஊகித்து இட்லியும் புட்டும் சமைப்பதே ஆட்டம். ஏட்டின் குறையே ஆட்டத்தின் புதிராயிற்று. 2024இல் அது சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது.

வெண்பா என்னும் பெயரையும் எண்ணிப் பாருங்கள். வெண்டளை பிறழலாகாது; ஈற்றடி முச்சீராய் அமைதல் வேண்டும். இத்துணைக் கட்டுப்பாடுடைய பாவகையில்தான் வள்ளுவர் 1330 குறள்களையும் ஏழேழு சீர்களில் யாத்தார்.

மூணாற்றுத் தேயிலைத் தோட்ட லயங்களிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைச் சிற்றூர்களிலும் வாழும் உங்கள் பாட்டியரைக் கேளுங்கள். தரையில் கிழித்த கோடும் கூழாங்கல்லும் இருந்தால் ஆடுபுலி ஆட்டம். 14 குழிகளும் புளியங்கொட்டையும் இருந்தால் பல்லாங்குழி.

வறுமை நல்லது என்று நான் கூறவில்லை. பள்ளிதோறும் நல்ல கணினிகள் வேண்டும். அவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. ஆயினும் அவை வரும்வரை கற்பனை காத்திருக்க வேண்டியதில்லை. விளையாட்டின் விதிகளைத் தாளிலேயே வகுக்கலாம். நண்பர்களோடு ஆடிப் பார்த்துத் திருத்தலாம்.

"எனக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும்" என்று தயங்குவோரும் உங்களுள் உளர். 'வெண்பா'வில் வரும் மகன் கவினும் தமிழ்க் குறிப்பைத் தட்டுத்தடுமாறியே படிக்கிறான். ஆயினும் அடுப்பை மூட்டுகிறான். அறிந்த பத்துச் சொற்களைக் கொண்டே ஓர் ஆட்டம் அமையுங்கள். பதினோராவது சொல்லை அவ்வாட்டமே தேட வைக்கும்.

சிந்தித்து எழுதுக:
1. ஏட்டின் குறை எவ்வாறு ஆட்டத்தின் புதிராயிற்று?
2. பத்துப் புளியங்கொட்டைகளைக் கொண்டு புதிய விளையாட்டு ஒன்றை அமைத்து, அதன் விதிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.