மண் சரிந்த மலையில் மருந்தில்லா மனவடு

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. மாண்டோர் பலரின் உடல்கூட உற்றாருக்குக் கிட்டவில்லை. பள்ளிக்குச் சென்றதால் பிழைத்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது, வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. ஏழைகள் லயத்தில் இருந்தனர். ஏறத்தாழ ஈராண்டு கழிந்து, 2016இல் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. வீடு கொடுத்தாயிற்று, விவகாரம் முடிந்தது என்று கோப்பு கட்டப்பட்டது. நாம் கேட்கிறோம்: முடிந்தது எது?

தகரக் கூரையில் மழை வீழ்ந்தால் திடுக்கிட்டு எழும் தாய்க்கு அது முடிந்ததா? கண்ணை மூடினால் மண் இரைந்து வரும் ஒலி கேட்கும் இளைஞனுக்கு முடிந்ததா? துயரை மறக்கக் கசிப்பைத் தேடும் தந்தைக்கு முடிந்ததா?

இது கோழைத்தனமன்று, பேய்க் கோளாறுமன்று, ஊழ்வினையுமன்று. பேராபத்தைக் கண்ட மனத்தில் விழும் காயம். மனவடு என்பது அதன் பெயர். ஆபத்து நீங்கியபின்னும் உடல் அதை நம்ப மறுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் ஓடுகிறது. பலருக்கு உற்றார் துணையோடு காலப்போக்கில் ஆறும். ஒரு மாதத்துக்கு மேலும் ஆறாது வாழ்வைக் குலைக்குமாயின், வைத்தியம் வேண்டும். பயிற்சி பெற்றவரிடம் பட்டதைப் படிப்படியாகப் பேசி ஆற்றும் முறை உண்டு. தேவையாயின் மருந்தும் உண்டு.

இந்த மண்ணில் இக்காயம் புதிதன்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் பிரித்தது. 1983இல் தீ வைத்தனர். 2000 ஒக்டோபர் 25இல், பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ முகாமில், அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர் கொல்லப்பட்டனர். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரும் பேரழிவும் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தையே வடுப்படுத்தும் என எழுதினார். மலையகத்திற்கும் அது பொருந்தாதா?

"வயிற்றுக்குச் சோறில்லாதவனுக்கு மன வைத்தியமா?" என நகைப்போர் உளர். இரவெல்லாம் உறங்காதவள் காலையில் எவ்வாறு கொழுந்தெடுப்பாள்? நிறை குறைந்தால் அரைப்பேர்! மனக்காயம் சோற்றுப் பானையையும் உடைக்கிறது என்பதை நகைப்போர் அறிவாராக.

பேசி ஆற்றும் நோய்க்குப் பேசும் மொழியே மருந்து. பண்டாரவளை, ஹல்துமுல்லை உள்ளிட்ட பதுளை மாவட்டப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்கிறது. அவ்வாறாயின், தன் துயரைத் தன் மொழியில் சொல்லும் உரிமை, இரந்து பெறும் பிச்சையன்று. சட்டம் தந்த உடைமை. மொழிபெயர்க்க மூன்றாமவரை நடுவே வைத்து எந்தத் தாய் நெஞ்சைத் திறப்பாள்?

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு பிரிவிலும் தமிழறிந்த உளவளத்துணையாளர் வேண்டும். தோட்ட மருந்தகத்தில் மாதந்தோறும் மனநல வைத்தியர் அமர வேண்டும். மண்சரிவுக்குப் பின் அரிசியும் போர்வையும் செல்லும் வண்டியிலேயே அவர்களும் செல்ல வேண்டும்.

அரசை மட்டும் சாடி அமைந்தால் போதுமா? சந்தா வாங்கும் தொழிற்சங்கங்கள் இதனை எத்தனை மேடையில் பேசின? கற்றவர்களே, உங்கள் பிள்ளைகளில் சிலரையேனும் இத்துறைக்கு அனுப்புங்கள். உழவர்களே, உறங்காத அயலானைக் கோடாங்கியிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். பதுளை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் எழுதுங்கள்.

கால் முறிந்தவன் கட்டுப் போட வெட்குவதில்லை. மனம் முறிந்தவன் மட்டும் ஏன் வெட்க வேண்டும்? வெட்கப்பட வேண்டியவர், எச்சரிக்கையை ஏட்டில் பூட்டி வைத்தவர்களே!